ரதத்தை நிறுத்தாத பிலிப்பு

வேதபகுதி: அப்போஸ்தலர் 8:26-40



மைதானத்திலோ பூங்காவிலோ கடற்கரையிலோ நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கிற, முன்பின் அறியாத ஒருவரை நாம் நிறுத்திப் பேசலாமா? ஒரு வாரத் தியானத்தில் பேசத்தக்க காரியமா இது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் அயலான்மேல் நாம் வைத்திருப்பதாகச் சொல்லும் அன்பு, பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறிய இடங்களில்தான் சோதிக்கப்படுகிறது. ஆலயத்துக்குள் நாம் எல்லோரும் பண்புள்ளவர்களே. காலை ஐந்தரை மணிக்கு, வியர்த்துப்போய் எதிரே வருகிற ஓர் அந்நியரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவையில் இருப்பவர் ஒருவரை நிறுத்தலாம். ஆபத்தைக் கண்டவர் நிறுத்தியே ஆகவேண்டும். மற்றபடி, நம்முடைய ஆவலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, ஏன், நம்முடைய நல்ல நோக்கத்துக்காகவோகூட, பயிற்சியில் இருக்கிறவரை நிறுத்த நமக்கு உரிமை இல்லை. சுவிசேஷம் சொல்லவேண்டும் என்கிற நோக்கமும் இதற்கு விலக்கு அல்ல. இந்தக் கடைசி வாக்கியம் சிலருக்கு வருத்தம் தரும் என்று அறிவேன். ஆகவே என் காரணங்களை ஒவ்வொன்றாக வைக்கிறேன். வாசித்து நிதானித்துப் பாருங்கள்.

அந்த அரைமணி நேரம் யாருடையது?

நம்முடைய நகரங்களில் நடைப்பயிற்சி இன்று ஒரு பெரிய பழக்கமாகிவிட்டது. சென்னையில் மெரினாவும் பெசன்ட் நகர்க் கடற்கரையும், கோயம்புத்தூரில் ரேஸ் கோர்ஸ் சாலையும், பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானமும் விடியலுக்கு முன்பே மக்கள் நடமாடும் இடங்களாக இருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீள நடைப்பாதைகளைத் தெரிந்தெடுத்து மக்களை நடக்கும்படி அழைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

அந்த முப்பது நிமிடம் பலருக்கு எவ்வளவு சிரமப்பட்டுக் கிடைக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மதிய உணவு கட்டிவைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குள் திரும்பிவிடவேண்டும் என்கிற கணக்கோடு ஒரு தாய் வீட்டைவிட்டு வெளியே வருகிறாள். நாள் முழுவதிலும் அவளை யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றே. இரவுப் பணி முடிந்து வருகிற ஒருவர், சர்க்கரை அளவைக் குறைக்கும்படி மருத்துவர் எச்சரித்த ஒருவர், துணையை இழந்த துக்கத்தை நடந்து நடந்தே ஆற்றிக்கொள்கிற ஒரு முதியவர் என்று, அந்தப் பாதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. அது அவர்கள் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதில்லை. நாம் "ஐந்து நிமிடந்தானே" என்று எடுத்துக்கொள்வது அவர்களுடைய முப்பதில் ஆறில் ஒரு பங்கு. ஒருவருடைய பணப்பையிலிருந்து ஆறில் ஒரு பங்கைக் கேளாமல் எடுப்பதற்கு நமக்குத் துணிவு வருமா?

இன்னொன்றும் உண்டு. உடல் தன்னுடைய வேகத்துக்கு வந்துசேரச் சிறிது நேரம் ஆகிறது. மருத்துவர்கள் எளிய சோதனை ஒன்றைச் சொல்வார்கள்: மிதமான பயிற்சியில் இருப்பவரால் பேசமுடியும், பாடமுடியாது, கடுமையான பயிற்சியில் இருப்பவரால் மூச்சு வாங்காமல் சில சொற்களுக்குமேல் பேசமுடியாது. அப்படி மூச்சிரைக்க ஓடிவருகிறவரை நிறுத்தி "எந்த ஊர் நீங்கள்?" என்று கேட்டால், அவர் பதில் சொல்ல முடியாமல் திணறுவதைத் தவிர வேறு என்ன செய்வார்? வேகமாக ஓடுகிறவர் திடீரென்று அசையாமல் நின்றால், இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றல் வரவும் கூடும். அதனால்தான் ஓட்டத்தை முடிக்கிறவர்களைச் சிறிது தூரம் மெதுவாக நடந்து பிறகு நிற்கச் சொல்கிறார்கள். நிறுத்துகிறவருக்கு அது ஒரு சொல். நிற்கிறவருக்கு அது உடல் சம்பந்தப்பட்ட காரியம்.

யார் யார் நிறுத்துகிறார்கள்?

பேச்சுத்துணை தேடுகிறவர்கள் சிலர். இவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, தனிமை இருக்கிறது. ஆலோசனை சொல்லுகிறவர்கள் சிலர். "கையை இப்படி வீசக்கூடாது", "இந்த வயதில் ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்" என்று, கேளாதவருக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிலர். "மூன்று மாதமாகப் பார்க்கிறேன், குறைந்த மாதிரியே தெரியவில்லையே" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் மறுநாளிலிருந்து வீட்டைவிட்டே வெளியே வராமல் போனவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள் என்பதைத் தயவாய் நினைவில் வையுங்கள்.

எடை குறைக்கும் பொடியும் பானமும் விற்கிறவர்கள், சீட்டு சேர்க்க ஆள் தேடுகிறவர்கள், யூடியூப் காணொளிக்காக ஒலிவாங்கியை முகத்துக்கு நேரே நீட்டுகிற இளைஞர்கள் என்று வரிசை நீளுகிறது. இவர்களுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி உண்டு. "எந்த ஊர்? யாருடைய பிள்ளை? அந்தத் தெருவிலா வீடு?" என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒருவருடைய சாதியைக் கண்டுபிடிக்கிற கேள்வி அது. நட்பின் வேஷத்தில் வருகிற இந்த விசாரணையை விசுவாசிகளும் செய்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நடைப்பாதையில் செருப்பின் விலையைப் பாராமல் எல்லாரும் ஒரே மண்ணில் நடக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரச் சமத்துவத்தையாவது நாம் கெடுக்காதிருப்போமாக.

பெண்களைக் குறித்துத் தனியே சொல்லவேண்டும். அதிகாலையிலோ மாலை மங்கும் நேரத்திலோ தனியே நடக்கிற ஒரு பெண்ணை அறிமுகமில்லாத ஆண் நிறுத்தும்போது, அவன் நல்லவனா கெட்டவனா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு வழியும் இல்லை. "நான் தவறான எண்ணத்தோடு கேட்கவில்லையே" என்று நாம் சொல்லலாம். அவள் நம் இருதயத்தை வாசிக்கக்கூடியவள் அல்லவே. ஆகையால் நம்முடைய குற்றமற்ற எண்ணம் அவளுடைய அச்சத்தைக் குறைப்பதில்லை. அவள் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் மறுபடியும் மறுபடியும் பின்தொடர்ந்தாலோ பேச முயன்றாலோ, அது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, முதல்முறை இக்குற்றம் நிரூபிக்கப்பட்டாலே 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்று விதிக்கிறது. சட்டம் கடைசி எல்லையைக் காட்டுகிறது. கிறிஸ்தவனுடைய எல்லை அதற்கு வெகு முன்னதாகவே இருக்கவேண்டும்.

பிலிப்பு என்ன செய்தார்?

இப்பொழுது இன்றைய வேதபகுதிக்கு வருவோம். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தரப் பாதை. கந்தாகே அரசியின் மந்திரியாகிய எத்தியோப்பியர் தம்முடைய ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டு போகிறார். ஆவியானவர் பிலிப்பை அந்த ரதத்தோடு சேர்ந்துகொள்ளச் சொல்லுகிறார். இது தேவனே அனுப்பிய சந்திப்பு. இதைவிடப் பெரிய அதிகாரம் ஒரு ஊழியனுக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆயினும் பிலிப்பு செய்ததைக் கவனியுங்கள்.

அவர் ரதத்துக்குக் குறுக்கே போய் நிற்கவில்லை, அதனருகே ஓடினார். மூச்சு வாங்கினவர் பிலிப்பு, மந்திரி அல்ல. அடுத்ததாக, பேசத் தொடங்குமுன் அவர் செவிகொடுத்தார். மந்திரி என்ன வாசிக்கிறார் என்பதைக் கேட்டறிந்தார். அதன்பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியும் மந்திரி ஏற்கெனவே ஈடுபட்டிருந்த காரியத்தைப் பற்றியதே: வாசிப்பது விளங்குகிறதா என்பதுதான். இல்லை என்று சொல்லி அனுப்பிவிடவும் அதில் இடம் இருந்தது. மந்திரியோ, ஏறிவந்து தம்மோடு உட்காரும்படி அவரை வேண்டிக்கொண்டார். அழைக்கப்பட்ட பிறகே பிலிப்பு ரதத்தில் கால் வைத்தார்.

ரதம் எப்பொழுது நின்றது தெரியுமா? வழியிலே தண்ணீரைக் கண்டபோது நின்றது. நிறுத்தச் சொன்னவர் யார்? பிலிப்பு அல்ல, மந்திரியே. தம்முடைய பயணத்தை எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அந்தப் பயணத்துக்கு உரியவரே தீர்மானித்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் இந்தப் பகுதியைச் சுவிசேஷ ஊழியத்துக்கு முன்மாதிரியாக நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். பிலிப்பின் ஓட்டத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம்; அவர் ரதத்தை நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

எம்மாவுக்குப் போன சீஷர் இருவரிடமும் ஆண்டவர் அப்படியே நடந்துகொண்டார். அவர்கள் போகிற வழியில், அவர்களுடைய வேகத்தில், அவர்களோடு சேர்ந்து நடந்தார். அவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டார். ஊர் நெருங்கியபோது, தாம் அப்புறம் போகிறவர்போல் காண்பித்தார். உயிர்த்தெழுந்த கர்த்தரே அழைப்பில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய விரும்பவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்?

இரண்டு ஆட்சேபணைகள்

சென்ற மாதம் நம் வாலிபர் கூட்டத்தில், மைதானத்துக்குக் காலையில் வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திக் கைப்பிரதி கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதைச் சொன்ன தம்பிமாரின் வாஞ்சையை நான் மதிக்கிறேன். அப்பொழுது, அங்கே தினந்தோறும் நடக்கிற ஒரு சகோதரி எழுந்து, தன்னை யாரும் நிறுத்தாமல் இருப்பதையே தான் பெரிய நன்மையாக எண்ணுவதாகச் சொன்னார். உடனே ஒரு தம்பி பவுலின் வார்த்தையைச் சுட்டிக்காட்டினார்: சமயம் பார்க்காமல் வசனத்தைப் பிரசங்கிக்கும்படி தீமோத்தேயுவுக்கு அப்போஸ்தலன் எழுதவில்லையா?

எழுதினார். ஆனால் அந்தக் கட்டளை யாருடைய வசதியைப் பற்றியது? பிரசங்கிக்கிறவனுடைய வசதியை என்று நான் புரிந்துகொள்கிறேன். உனக்கு உற்சாகமாக இருந்தாலும் களைப்பாக இருந்தாலும், வரவேற்பு கிடைத்தாலும் எதிர்ப்பு வந்தாலும், ஆயத்தமாயிரு என்பதே அதன் கருத்து. கேட்கிறவனுடைய நேரத்தையும் உடல்நிலையையும் பொருட்படுத்தாதே என்று அது சொல்லவில்லை. அதே வாக்கியத்தில் நீடிய பொறுமையும் கேட்கப்பட்டிருக்கிறதே! மூச்சிரைத்து நிற்கிறவரின் கையில் திணிக்கப்படுகிற தாள் அடுத்த திருப்பத்தில் குப்பைத்தொட்டியில் விழுகிறது. பலவேளை தரையில் விழுகிறது. ஆண்டவருடைய நாமம் அச்சிடப்பட்ட காகிதத்தின்மேல் நூறு பேர் மிதித்து நடக்கிறார்கள். அதை ஊழியத்தின் கணக்கில் எழுதுவது எப்படி?

இரண்டாவது ஆட்சேபணையை ஒரு பெரியவர் சொன்னார்: "ஐயா, எதிரே வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசுவது நம் ஊர்ப் பழக்கம். பேசாமல் போவது வெளிநாட்டு நாகரிகம் அல்லவா?" இதில் நியாயம் உண்டு. ஆயினும் நம் ஊர்ப் பழக்கத்தையே சற்று உற்றுப் பாருங்கள். கிராமத்துத் தெருவில் "என்ன, வயக்காட்டுக்கா?" என்று கேட்கிறவர் யாரையும் நிறுத்துவதில்லை. "ஆமாம்" என்று நடந்தபடியே சொல்லிவிட்டுப் போனால் போதும். கேட்டவரும் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை. வெளியே புறப்படுகிறவரிடம் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கக்கூடாது, "தூரமா?" என்றுதான் கேட்கவேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலிருந்த சகுன நம்பிக்கை நமக்கு வேண்டாம். ஆனால் காரியமாகப் போகிறவரை விசாரணைக்கு உட்படுத்தாதே என்கிற நாகரிகம் அதற்குள் இருக்கிறது. அது முற்றிலும் நம்முடையதே. புன்னகையோடு தலையசைத்து, "காலை வணக்கம்" என்றோ "ஸ்தோத்திரம்" என்றோ சொல்லிவிட்டுக் கடந்துபோவதை நான் ஒருபோதும் தடைசெய்யவில்லை. அது வாழ்த்து. வழிமறிப்பது வேறு.

பதில் சொல்லாதவர் கர்வி அல்ல

நம் வாழ்த்துக்குப் பதில் சொல்லாமல் ஓடுகிறவரைக் குறித்து, "என்ன திமிர் பார்த்தீர்களா?" என்று நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. சூனேமியாளுடைய பிள்ளை மரித்துக் கிடந்தபோது, எலிசா தன் வேலைக்காரனாகிய கேயாசியை அனுப்புகையில், வழியில் யாரையும் வாழ்த்தவேண்டாம், யாராவது வாழ்த்தினாலும் மறுமொழி சொல்லவேண்டாம் என்று கட்டளையிட்டார். ஆண்டவரும் தம்முடைய ஊழியக்காரரை இருவர் இருவராக அனுப்பியபோது, வழியில் நின்று வாழ்த்திக்கொண்டிருக்கவேண்டாம் என்றே சொல்லி அனுப்பினார். அந்நாட்களில் வாழ்த்து என்பது நீண்ட நேரம் பிடிக்கிற சடங்கு. காரியத்தில் கண்ணாயிருக்கிறவனுக்கு அதைக் கடந்துபோக உரிமை உண்டு என்பதை வேதம் ஒப்புக்கொள்கிறது.

நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அலங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த அவரைச் சந்திக்க வரும்படி சன்பல்லாத்தும் அவனைச் சேர்ந்தவர்களும் நான்கு தரம் ஆளனுப்பினார்கள். நான்கு தரமும் அவர் ஒரே பதிலைச் சொன்னார். சண்டையிடவில்லை, வேலையைவிட்டு இறங்கவும் இல்லை. நடக்கும்போது தொந்தரவு செய்யப்படுகிற சகோதரிகளுக்கு நான் சொல்லுவது இதுவே: "இல்லை, நான் நடக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டு நடந்துபோவது பாவம் அல்ல. கிறிஸ்தவப் பெண் என்பதற்காக நீங்கள் எல்லாருக்கும் நின்று பதில் சொல்லவேண்டியதில்லை. தொடர்ந்து தொந்தரவு இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ 112 என்ற அவசர எண்ணையோ தயங்காமல் அழையுங்கள். வீட்டாரிடமும் சொல்லுங்கள். வீட்டார்களே, அப்படிச் சொல்லுகிற பெண்ணிடம் "நாளையிலிருந்து நீ போகவேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தவறு செய்தவன் அவள் அல்லள்.

நிறுத்தியே ஆகவேண்டிய வேளை

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். பர்திமேயு வழியோரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டபோது, பேசாதிருக்கும்படி ஜனங்கள் அவனை அதட்டினார்கள். இயேசுவோ நின்றார். யவீருவின் வீட்டுக்கு அவசரமாகப் போகிற வழியிலும், தம்முடைய வஸ்திரத்தைத் தொட்ட ஒரு பெண்ணுக்காக நின்றார். தேவையின் குரலுக்கு வழியை நிறுத்துகிற உரிமை உண்டு. எரிகோவுக்குப் போகிற பாதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரும், இன்றிருந்தால், "அந்நியர் காரியத்தில் தலையிடுவது நாகரிகம் அல்ல" என்று காரணம் சொல்லியிருக்கக்கூடும். நாகரிகம் அன்பின்மைக்குத் திரையாகிவிடக்கூடாது.

ஆகவே, நடந்துகொண்டிருக்கிறவர் மார்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், முகம் வெளிறிக் குளிர்ந்த வியர்வை கொட்டுவதைக் கண்டால், தயங்காமல் அருகே செல்லுங்கள். உட்காரவைத்து, 108-ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர் பயிற்சியின்போது சர்க்கரை குறைந்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி நிற்கக்கூடும். அவர் நினைவோடு இருந்து விழுங்கக்கூடியவராயின், சர்க்கரையோ இனிப்பான பானமோ கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருவர் விழுந்து, அசைவும் இயல்பான சுவாசமும் இல்லாமல் கிடந்தால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தவேண்டும். இந்த முதலுதவியை மருத்துவர் ஒருவரைக்கொண்டு நம் சபையில் ஒரு சனிக்கிழமை செய்துகாட்டச் செய்யவேண்டும் என்பது என் விருப்பம். நூறு கைப்பிரதிகளைவிட, அதைக் கற்ற பத்து வாலிபர்கள் அந்த மைதானத்தில் நடப்பது பெரிய சாட்சியாக இருக்கும்.

சிறு தேவைகளும் உண்டு. சாவி கீழே விழுந்தது, காலணியின் கயிறு அவிழ்ந்திருக்கிறது, அடுத்த திருப்பத்தில் குரைக்கிற நாய் நிற்கிறது, கூட வந்த பிள்ளையைக் காணோம், வழி தெரியவில்லை: இவற்றுக்காக ஒருவரை அழைப்பதில் பிழை ஏதும் இல்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லிமுடித்து, நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

நடைமுறையில் சில காரியங்கள்

பேசவேண்டிய அவசியம் வந்தால் பின்னாலிருந்து தொட்டு அழைக்காதிருங்கள். காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்கு உங்கள் குரல் கேட்காது. தோளில் விழுகிற கை மட்டும் தெரியும். அவர் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கு அப்பால் வாருங்கள். ஓடுகிறவரைவிட நடக்கிறவரைக் கேளுங்கள். நடக்கிறவரைவிட இருக்கையில் அமர்ந்து இளைப்பாறுகிறவரைக் கேளுங்கள். "ஒரு நிமிடம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். "இல்லை" என்றால் அதோடு முடிந்தது. ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது, பார்வை வேறுபக்கம் போகிறது, நடை வேகமாகிறது என்றால், அவையும் "இல்லை" என்றே பொருள்படும். இருட்டு விலகாத நேரத்தில் தனியே போகிற பெண்ணிடம் வழிகூடக் கேட்கவேண்டாம், சகோதரரே. டீக்கடை திறந்திருக்கும், அங்கே கேளுங்கள். பின்னால் நடக்க நேர்ந்தால் இடைவெளி விடுங்கள், அல்லது பாதையின் மறுபுறத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வாலிபர்களே, உங்கள் யோசனைக்கு வருகிறேன். மைதானத்துக்கு நீங்கள் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், ஆனால் முதலில் நடக்கப் போங்கள். வாயிலருகே, நகராட்சியின் அனுமதியோடு, நடந்து முடித்து வெளியே வருகிறவர்களுக்காக ஒரு மேசையும் குடிதண்ணீரும் வையுங்கள். தண்ணீர் குடிக்கிறவரிடம் எதையும் பேசவேண்டும் என்று கட்டாயம் இல்லை. புத்தகங்கள் மேசையின் ஓரத்தில் இருக்கட்டும்; வேண்டுகிறவர் எடுத்துக்கொள்வார். தம்ளர்களை நீங்களே கழுவுங்கள். பாதையில் கிடக்கிற குப்பையைப் பொறுக்குங்கள். ஆறு மாதம் ஒரே முகங்கள் ஒரே இடத்தில் இருந்தால், "தம்பி, நீங்கள் யார்? ஏன் இதைச் செய்கிறீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். ஒருவேளை ஒருவரும் கேளாமலும் போகலாம். அப்பொழுதும், தாகமாயிருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது வீணாகப் போவதில்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

நம் சபையில் குழுவாக நடக்கச் செல்கிறவர்கள் பலர் உண்டு. நால்வர் ஐவர் கைகோத்தாற்போலப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு சபைக்காரியங்களைச் சத்தமாகப் பேசிக்கொண்டு போவதும் மற்றவரை நிறுத்துகிற செயலே. பின்னால் வருகிற முதியவர் மண்ணில் இறங்கிச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. இருவர் இருவராகப் போங்கள். அலைபேசியில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு நடக்காதிருங்கள். அது கீர்த்தனையாக இருந்தாலும் அப்படியே.

காதுக் கருவியை அணிகிறவர்கள் ஒரு காதையாவது திறந்து வையுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு அது நல்லது. உங்களை உண்மையான தேவையோடு அழைக்கிறவருக்கும் அது நல்லது. தினமும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லாரையும் பேச்சுக்கு இழுக்கிற ஒரு தாத்தா எல்லா மைதானங்களிலும் இருக்கிறார். அவருக்குச் சொல்லவேண்டிய செய்தி ஏதும் இல்லை; அவரோடு பேச வீட்டில் யாரும் இல்லை. உங்களை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை என்பதும் உண்மை; உங்கள் ஓட்டத்தை முடித்துவிட்டு, உங்கள் சொந்த விருப்பத்தால் அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருவதற்கு உங்களுக்குத் தடை ஏதும் இல்லை என்பதும் உண்மை. ரதம் உங்களுடையது. அதை எங்கே நிறுத்துவது என்று நீங்களே தீர்மானிக்கலாம். இந்த வாரத்தில் ஒரு நாள், அப்படி ஒருவருக்காக அதை நிறுத்துங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் ஆண்டவரே, எங்கள் அயலாருடைய நேரத்தையும் சரீரத்தையும் சமாதானத்தையும் மதிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். பேசவேண்டிய வேளையில் தைரியத்தையும், பேசாதிருக்கவேண்டிய வேளையில் அடக்கத்தையும் தாரும். விழுந்து கிடக்கிறவரைக் கடந்து போகாத கண்களை எங்களுக்குத் தாரும். தனியே நடக்கிற எங்கள் சகோதரிகளையும் முதியவர்களையும் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.